மயிலிறகும் மஞ்சள் பையும்

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் காலைப் பொழுதில் நடந்து செல்வோரை இரண்டு மணங்கள் எதிர்கொள்கின்றன. ஒன்று, பழைய பண்டசாலைகளிலிருந்து வரும் சுக்கும் மிளகும் கலந்த மணம். கடல் கடந்த வணிகரை மட்டுமன்றி, தென்பாண்டிச் சீமையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் நம் முன்னோரையும் இவ்வூருக்கு அழைத்து வந்த மணம் அது. மற்றொன்று கால்வாயிலிருந்து எழுவது. அதனை மணம் என்று சொல்வது இடக்கரடக்கல். அந்த நீரோட்டத்தின் ஒரு பகுதிக்குக் கல்வத்திக் கால்வாய் என்றும் மற்றொரு பகுதிக்கு இராமேசுவரம் கால்வாய் என்றும் பெயர். தீவினை தீர நீராடும் திருத்தலத்தின் பெயரைத் தாங்கிய நீரில் நாம் எறிந்த பைகள் உப்பி மிதப்பதைக் காணும்போதெல்லாம், பெயர் வைத்தவர் இதனைக் காணாமல் போனது நல்லதென்றே தோன்றும்.

இந்தப் பைகளை எறிந்தவர் யார்? எல்லோரும். எல்லோரும் என்று சொல்லிவிட்டால் ஒருவரும் இல்லை என்று பொருளாகிவிடுகிறது. நாம் இக்கட்டுரையில் பேச வந்தது அந்த இடுக்கைப் பற்றியே. நெகிழி நல்லதா தீயதா என்பதை வேதியியல் அறிந்தோர் சொல்லட்டும். நம்மை உறுத்துவது வேறொரு வினா: ஒருவர் செய்யும்போது தீமை என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியதாய், ஊரே செய்யும்போது பெருந்தீமையாய் முடியும் ஒரு செயலில் தனி மனிதனின் குற்றம் எங்கே இருக்கிறது?

மீன் வாங்கிய பை ஒன்றை நாம் வீதியோரம் போட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை சில கிராம். அந்த ஒரு பையால் கால்வாய் அடைபட்டதா? இல்லை. அந்த ஒன்றை நாம் போடாதிருந்தால் கால்வாய் தெளிந்து ஓடியிருக்குமா? அதுவும் இல்லை. ஆகவே நாம் செய்தது தீங்கே அன்று என வாதிடலாம். கொலையும் களவும் இப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் செய்தவனும் உண்டு, பட்டவனும் உண்டு. இங்கோ செய்தவனைத் தேடினால் கடலளவு கூட்டம் வந்து நிற்கிறது.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டுகிறார். இறகினும் இலேசான பாரம் எது? அதையும் அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும் என்பது அவர் கருத்து. சிறுமை சேர்ந்து பெருமையாவதை இதனினும் நன்றாகச் சொன்னவர் இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அதிகாரம் அரசனை நோக்கிச் சொல்லப்பட்டது. வண்டி அவனுடையது, இறகும் அவனுடையது, அச்சு முறிந்தால் நட்டப்படுபவனும் அவனே. ஆகையால் அளவறிந்து ஏற்றுக என்ற அறிவுரை அவனுக்குப் பயன்படும். நம் நிலைமை அப்படியன்று. ஆளுக்கொரு இறகைக் கொண்டுபோய் நாம் ஏற்றுவது நமக்குச் சொந்தமில்லாத வண்டியில். ஒற்றை இறகைப் போட்டவனுக்குக் கையும் வலிப்பதில்லை. அச்சு முறியும் ஓசையும் கேட்பதில்லை. குறளாசான் சொல்லாமல் விட்ட இந்த இடத்தில்தான் நம் காலத்து அறம் தடுமாறுகிறது என்பது நம் எண்ணம்.

இந்தப் பையின் வரலாறு நீண்டதன்று. பாலிதீன் என்னும் பொருள் 1933-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்த்விச் ஊர் ஆய்வுக்கூடத்தில், வேறெதையோ தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது. கைப்பிடியோடு ஒரே துண்டாக அமைந்த கடைப் பையை உருவாக்கியவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் தூலின். 1965-இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கவே தம் தந்தை அதைச் செய்தார் என்றும், ஒரு பையை மடித்துச் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பார் என்றும் அவருடைய மகன் பிற்காலத்தில் கூறினார். மடித்து வைத்து மறுபடியும் எடுப்பதற்கென்று செய்யப்பட்ட பொருளை நாம் பத்து நிமிடத்தில் எறியக் கற்றுக்கொண்டோம். பொருளைச் செய்தவன் நினைத்தது ஒன்று. பொருளைப் பெற்றவன் செய்தது ஒன்று.

அது வருமுன் நாம் எப்படி வாழ்ந்தோம் என்பதை இம்மலரைப் படிக்கும் மூத்தோர் அறிவர். மளிகைக் கடையின் விட்டத்திலிருந்து நூல்கண்டு தொங்கும். பருப்பு காகிதப் பொட்டலத்தில் வரும். மீனும் இறைச்சியும் தேக்கிலையில் வரும். எண்ணெய்க்குத் தூக்குச் செம்பு வீட்டிலிருந்து போகும். எல்லாவற்றையும் சேர்த்து வைக்க ஒரு மஞ்சள் பை. திருமண வீட்டில் தாம்பூலத்தோடு கிடைத்த அப்பையில் மணமக்கள் பெயரும் நாளும் அச்சாகியிருக்கும். சங்கரன்கோவிலில் நடந்த திருமணத்தைச் சுமந்துகொண்டு மட்டாஞ்சேரியில் கத்தரிக்காய் வாங்கியிருக்கிறோம்.

வேறொரு வகைப் பையையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. டச்சுக்காரர் ஆட்சியில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்கென்று தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தோர் ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னுமிடத்தில் இன்றும் அத்தொழிலைச் செய்கின்றனர். இப்போதுள்ள சலவைத் துறை 1976-இல் கட்டப்பட்டது. அழுக்குத் துணி ஒரு வேட்டியில் மூட்டையாகக் கட்டப்பட்டுப் போகும். வெளுத்த துணி அதே போன்ற வேட்டியில் திரும்பி வரும். மூட்டை கட்டிய துணியும் வெளுக்கப்படும். கட்டுவதற்கென்று ஒரு பொருளும், கட்டி முடிந்தபின் எறிவதற்கென்று ஒரு பொருளும் அந்தத் தொழிலில் இல்லை. இதை அவர்கள் ஓர் அறமாகக் கருதிச் செய்யவில்லை. தொழில் அவ்வாறு அமைந்திருந்தது. அறம் பெரும்பாலும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறது.

அப்படியானால் மஞ்சள் பையை நாம் ஏன் விட்டோம்? இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். வசதிக்காக மட்டும் விடவில்லை, வெட்கத்தாலும் விட்டோம். மஞ்சள் பை பிடித்தவன் பட்டிக்காட்டான் என்று திரைப்படம் சிரித்தது, நகரம் சிரித்தது. அயலூரில் பிழைக்க வந்த நமக்கு அந்தச் சிரிப்பு இருமடங்கு உறைத்தது. பையைப் பார்த்தவுடன், பேச்சைக் கேட்குமுன்பே, இவன் பாண்டி நாட்டிலிருந்து வந்தவன் என்று கண்டுகொண்டார்கள். கடைக்காரர் விலையின்றித் தந்த வழவழப்பான பையோ எந்த ஊரையும் சொல்லவில்லை. எவர் திருமணத்தையும் சொல்லவில்லை. அதைப் பிடித்தவுடன் நாமும் எல்லோரையும் போல ஆனோம். பிள்ளைகளுக்கு ஊர்ப் பேச்சை மறைக்கக் கற்றுக்கொடுத்த அதே ஆண்டுகளில்தான் பையையும் மறைத்தோம் என்பதை நினைத்தால் மனம் கொஞ்சம் கனக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியபோதும், 10 ரூபாய் நாணயம் இட்டால் பை தரும் பொறி கோயம்பேட்டுச் சந்தையில் வைக்கப்பட்டபோதும், நம்மவர் சிலர் பெருமிதம் கொண்டனர். வெட்கம் போய்விட்டது, நல்லதே. ஆனால் வெட்கம் மீண்டும் வேறொரு பக்கம் திரும்பியிருக்கிறது. அதனையும் பார்க்க வேண்டும்.

கேரள அரசு 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தடை செய்தது. முதல் முறைக்கு 10,000 ரூபாய், இரண்டாம் முறைக்கு 25,000, அதன்பின் 50,000 எனத் தண்டம் விதிக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன், 2019 ஜனவரி 1 முதல், தமிழகத்தில் 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்திருந்தது. பால், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மைய அரசு பையின் கனத்தைக் கொண்டு சட்டம் செய்தது: 1999-இல் 20 மைக்ரான், 2011-இல் 40, 2016-இல் 50, 2021-இல் 75, 2022-இன் இறுதியில் 120. மெல்லிய பை தடுக்கப்பட வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் உண்டு. அதனைப் பின்னர் சொல்வோம். ஆனால் கூடையில் கீரை வைத்து விற்கும் மூதாட்டிக்கும் 10,000 ரூபாய்த் தண்டம் என்பது எவ்வகை நீதி? அவருடைய கூடைச் சரக்கு முழுவதும் விற்றாலும் அதில் பத்தில் ஒரு பங்கு வராது. பெருநிறுவனங்களின் பண்டங்களோ, தின்பது ஒரு பிடி, உறை ஒரு முழம் என்னும்படி பளபளப்பான உறைகளில் அடுக்கடுக்காய்க் கடைகளில் தொங்குகின்றன.

பையோடு கடைக்குப் போவது ஒழுக்கம் என்கிறோம். நாளைக்கு என்ன வாங்கப் போகிறோம் என்பதை இன்றே அறிந்தவர்களுக்கு அந்த ஒழுக்கம் எளிது. வாத்துருத்தியில் குடியிருக்கும் நம்மவரில் அன்றாடக் கூலிக்குச் செல்வோர், மாலையில் கூலி கைக்கு வந்த பிறகுதான் அன்று அரிசி வாங்கலாமா, மீனும் சேர்த்து வாங்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். கொச்சி மழையில் காகிதப் பை வீடு போய்ச் சேராது. அவர்களுக்கு அந்த மெல்லிய பை குடையாகவும் உறியாகவும் இருந்தது. அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் வெட்கப்படுத்தல் முந்தைய மஞ்சள் பைச் சிரிப்பின் மறுபக்கமேயன்றி வேறில்லை. தடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தடையின் முழுப் பாரமும் மெலிந்த தோளில் இறங்குமாயின் அதுவும் பிறர் வண்டியில் ஏற்றிய இறகே என்கிறோம்.

துணிப் பை எடுத்தவர்களும் தம்மை உடனே சான்றோர் வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பருத்திப் பை தன்னை உருவாக்கியதால் விளைந்த எல்லாக் கேடுகளையும் ஈடுசெய்ய 7,100 முறை பயன்படுத்தப்பட வேண்டும் என்று கணக்கிட்டது. வாரம் இருமுறை கடைக்குப் போனாலும் 68 ஆண்டுகள்! தட்பவெப்ப மாறுதலை மட்டும் எண்ணினால் 52 முறை போதும், அதாவது அரையாண்டு. கால்வாயில் மிதப்பதும் மாட்டின் வயிற்றில் சேர்வதும் அக்கணக்கில் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் பருத்திக்கு நீர் வேண்டும், உரம் வேண்டும், நெய்கூலி வேண்டும் என்பது பொய்யன்று. இந்த எண்ணைப் படித்த அன்று நம் வீட்டு அலமாரியைத் திறந்து எண்ணினோம். பைகள் 19. அவற்றுள் 7 ஒருமுறையும் வெளியே போகாதவை. ஒன்றில் பெயர் அச்சான மணமக்களின் பிள்ளை இப்போது பள்ளிக்குச் செல்கிறான். துணி போலத் தோன்றிய நான்கு பைகள் உண்மையில் துணியே அல்ல. நூற்காமல் நெய்யாமல் அழுத்திச் செய்த நெகிழி. பட்டாடை உடுத்திய பொய் என்று சொல்லத் தோன்றியது. எறிந்தால் நெகிழி, சேர்த்தால் துணி. இரண்டும் வேண்டாமல் வாங்கியவையே.

இனி முறிந்த அச்சைப் பற்றி. கொச்சி நகருக்குக் கிழக்கே, வடவுகோடு-புத்தன்குருசு ஊராட்சியில், கடம்பிரயாற்றின் அருகே பிரம்மபுரம் என்றோர் இடம் உண்டு. நகரத்துக் குப்பை ஆண்டுக்கணக்கில் அங்கே குவிந்தது. 2023 மார்ச் 2-ஆம் நாள் அந்தக் குவியலில் தீப்பற்றியது. பன்னிரண்டு நாள் அளவும் புகை அடங்கவில்லை. தீயணைப்புப் படையினர் இரவு பகலாக நின்றனர். கடற்படையும் விமானப்படையும் வானிலிருந்து நீர் தெளித்தன. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. முகக்கவசம் அணியுமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அந்நாள்களில் நாம் ஒவ்வொருவரும் பிறரைக் குற்றம் சொன்னோம்: மாநகராட்சியை, ஒப்பந்தக்காரரை, அரசியல்வாதியை. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எரிந்தது அவர்கள் வீட்டுப் பை மட்டுமன்று. நாம் மறந்துவிட்ட பத்து நிமிடப் பைகள் நம் மூச்சுக்குழலைத் தேடி வந்தன. கொச்சியார் அந்தப் புகையைப் பன்னிரண்டு நாள் சுவாசித்தோம். பிரம்மபுரத்தைச் சுற்றி வாழ்வோர் அந்தக் குவியலின் நாற்றத்தைப் பல ஆண்டுகளாகச் சுவாசித்து வந்தனர். வண்டி அவர்களுடையது, இறகு நம்முடையது.

வண்டி இன்னும் தொலைவிலும் இருக்கக்கூடும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர்களில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தன. தீர்ப்பாயம் ஆணையிட்ட பிறகே கேரள அரசு சரக்குந்துகளை அனுப்பி அவற்றைத் திரும்ப எடுத்துச் சென்றது. அது பையன்று, மருத்துவக் கழிவு, வேறு குற்றம். ஆயினும் அச்செய்தியைப் படித்த நம்மவர் பலர் அன்று இருபுறமும் நின்று தவித்தனர். பிறந்த மண்ணில் கொட்டினார்களே என்று ஒரு கோபம். கொட்டிய நிலத்தின் சோற்றைத்தானே நாமும் உண்கிறோம், இங்குள்ள குப்பையில் நம் பங்கும் உண்டே என்று ஓர் உறுத்தல்.

பெரியவர்கள் செய்வதன் முன் நம் பை எம்மாத்திரம் என்று கேட்பாரும் உண்டு. 2025 மே 25-ஆம் நாள் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. நெகிழி செய்வதற்கான வெண்மணிகள் மூட்டை மூட்டையாகக் கரை ஒதுங்கின. திருவனந்தபுரம் கடற்கரையில் மணலோடு மணலாகக் கிடந்தன. கன்னியாகுமரிக் கரையிலும் சேர்ந்தன. ஒரு கப்பல் ஒரே நாளில் சிந்தியதை நம் சங்கத்துக் குடும்பங்கள் தலைமுறை முழுதும் சிந்த இயலாது. உண்மை. அந்தக் கப்பலுக்குரியோர் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கச் செய்ய வேண்டும். ஆனால் பெருங்கள்வன் இருக்கிறான் என்பதால் சிறுகளவு ஈகையாகிவிடாது. மேலும் அந்த வெண்மணிகள் யாருக்காகக் கடலேறி வருகின்றன என்ற கேள்வியும் எஞ்சி நிற்கிறது.

நம்மை இந்த எண்ணத்தில் தள்ளியது நூலறிவன்று, ஒரு மூதாட்டியின் சொல். 2019-ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் விழா முடிந்த பிற்பகல். விருந்து நடந்த மண்டபத்தின் பின்புறம் இலையும் குவளையும் தாம்பூலப் பைகளும் குவிந்து கிடந்தன. பழைய பொருள்களை எடைக்கு எடுக்கும், இங்குள்ளோர் ஆக்கிரி என்று சொல்லும் தொழிலைச் செய்யும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் சாக்கோடு வந்தார். நீர்ப் புட்டிகளைப் பொறுக்கினார், அட்டைகளை மடித்தார். பைகளைத் தொடவில்லை. அவற்றையும் எடுத்துக்கொள்ளலாமே என்று நம்மில் ஒருவர் பெருந்தன்மையோடு சொன்னார். “இது எடையில நிக்காதுய்யா. நாங்க இதை எடுக்க மாட்டோம்” என்றார் அவர்.

மெல்லிய பையைத் தடுப்பதற்குரிய காரணம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கனத்த நெகிழிக்கு விலை உண்டு. அதனால் அது தெருவில் நெடுநேரம் கிடப்பதில்லை. மெல்லிய பையோ நூற்றுக்கணக்கில் சேர்த்தால்தான் ஒரு கிலோ. அதிலும் மீன் நீரும் மண்ணும் ஒட்டியிருக்கும். வறியோரும் குனிந்து எடுக்காத பொருள் உலகில் வேறு எது? மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் இத்தகைய கழிவைத் தாரோடு கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். 2018-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தமிழர் நாம் மகிழத்தக்க செய்தி. ஆனால் சாலைக்குப் போவதற்கு முன்னும் யாரோ ஒருவர் குனிந்து எடுத்தாக வேண்டும். கேரளத்தில் இன்று ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாக வந்து நெகிழியை வாங்கிச் செல்கிறார்கள். கழுவி உலர்த்தித் தருமாறு கேட்கிறார்கள். கழுவாமல் கொடுத்துவிட்டு, மாதக் கட்டணம் தருகிறோமே என்று சொல்லும் வீடுகளும் உண்டு. நம் வீடும் சிலகாலம் அவற்றுள் ஒன்றாயிருந்தது.

அந்த மூதாட்டி ‘நாங்க’ என்றார். நம் மொழியில் நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்பவரையும் உள்ளே சேர்ப்பது ஒன்று. வெளியே நிறுத்துவது மற்றொன்று. மலையாளத்திலும் இவ்வேறுபாடு உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. ‘நாம் குப்பை போடுகிறோம், நாம் திருந்த வேண்டும்’ என்று மேடையில் பேசும்போது அந்தச் சொல் பெருந்தன்மையாக ஒலிக்கிறது. அவரும் அந்த ‘நாம்’-இல் அடங்குவாரா? போட்டவர்கள் ஒரு சாரார், குனிந்தவர் வேறு. இருவரும் ஒரே மாவட்டத்திலிருந்து ஒரே புகைவண்டியில் வந்தவர்களாயிருக்கலாம். குற்றத்தைப் பகிர்கையில் ‘நாம்’ என்றும், குனிகையில் ‘நீங்கள்’ என்றும் சொல்லும் இலக்கணம் நமக்கு எளிதாகக் கைவந்திருக்கிறது. இக்கட்டுரை முழுவதும் நாம் என்றே எழுதிவந்த நமக்கு, இந்த இடத்தில் எழுதுகோல் சற்று நின்றது.

முதலில் கேட்ட வினாவுக்கு நமக்குத் தோன்றும் விடை இவ்வளவே. ஒரு பையால் கால்வாய் அடைபட்டதா என்பதை வைத்துக் குற்றத்தை அளக்க இயலாது. அந்த அளவுகோலில் எவனும் குற்றவாளியாக மாட்டான். நம் கையிலிருந்ததை யார் கைக்கு மாற்றினோம் என்று கேட்டால் விடை உடனே கிடைக்கிறது. துணிப் பையின் சிறப்பு பருத்தியில் இல்லை. கடைக்குப் போனபின் அது வீட்டுக்குத் திரும்புகிறது. அழுக்கானால் நாமே துவைக்கிறோம். கிழிந்தால் நாமே தைக்கிறோம். அதன் பாரம் கடைசிவரை அதனைப் பயன்படுத்தியவனிடமே இருக்கிறது. தூலின் தம் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த நெகிழிப் பைக்கும் அந்தச் சிறப்பு இருந்தது.

இவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்குச் சங்கத்தின் பெயர் அச்சிட்ட மஞ்சள் பை 500 தைக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது. நல்ல எண்ணந்தான். அலமாரியில் எண்ணிய 19 பைகளின் கதையை நாம் சொன்னோம். அடுத்த கூட்டத்துக்கு வருகையில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் எண்ணி வந்தனர். ஓர் அம்மையார் வீட்டில் 42. தாம்பூலம் உண்டு, பை இல்லை; பை கொண்டுவருக என்று அழைப்பிதழிலேயே அச்சிட முடிவாயிற்று. பையில்லாமல் தாம்பூலம் கொடுப்பது முறையா என்று ஒரு பெரியவர் வருந்தினார். அவரே விழாவன்று, 1987-இல் தம் தங்கையின் திருமணத்துக்கு அடித்த பையை, எழுத்து மங்கிய நிலையில், கொண்டுவந்து முதலில் நீட்டினார். மறந்து வந்தவர் நால்வர். ஒருவர் தேங்காயையும் வெற்றிலையையும் மேல்துண்டில் முடிந்துகொண்டார். ஓர் அம்மையார் முந்தானையில் ஏந்தினார். இளைஞர் இருவர் தேங்காயைக் கையில் பிடித்தபடியே படகுத்துறைக்கு நடந்தனர்.